கிட்ட வர வரத் தேயும் வெள்ளி

தானே செய்த தொலைநோக்கிக் குழாயில் வெள்ளிக் கிரகம் பாதியாகத் தெரிந்த அன்றைக்குக் கண்ணாடிக்காரி வானத்தைச் சந்தேகப்படவில்லை. கண்ணாடியைத்தான் சந்தேகப்பட்டாள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, சாணைக்கல்லில் தண்ணீர் சொட்டச் சொட்ட, சட்டத்துக்குத் தகுந்தபடி வில்லைகளைத் தேய்த்தே பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு வேறு எப்படிப் புத்தி போகும்? உலகத்தில் எது கோணலாகத் தெரிந்தாலும் குற்றம் வில்லையில்தான் என்பது அவள் கட்சி. குழாயின் முனையிலிருந்த வில்லையைக் கழற்றினாள். ஊதினாள், துடைத்தாள், திருப்பிப் போட்டுப் பார்த்தாள். பாதிதான். அரைச் சுற்று சுழற்றிப் பார்த்தாள். அப்போதும் அதே பக்கம் அதே பாதி. "சனியனே, உன் மறுபாதியை எவன் தின்னான்?" என்று வாய்விட்டே திட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் கடையில் முதலாளியிடம் சொன்னபோது மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண் பார்த்து பவர் எழுதித் தருவது அவர் வேலை. சிரிக்கிற ஆசாமி இல்லை. அன்றைக்குச் சிரித்தார்.

"வில்லை மேல பழி போடாதம்மா. வெள்ளியும் நிலா மாதிரிதான், தேயும், வளரும். வெறுங்கண்ணுக்கு அது பொட்டு வெளிச்சமாத்தான் தெரியும். இன்னொரு வேடிக்கை கேளு. இனி அது நம்ம கிட்ட வரும். கிட்ட வர வர மெலியும்."

"அதெப்படிங்க? கிட்ட வந்தா நல்லாத் தெரியணுமே?"

"பெருசாத் தெரியும். ஆனா வெளிச்சமெல்லாம் சூரியன் பக்கம் இருக்கும். நமக்குக் காட்டுறது முதுகு."

அந்தப் பேச்சு அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். புருஷன் டவுன் பஸ் டிரைவர். "முதுகைக் காட்டிக்கிட்டுக் கிட்ட வர்றதா? நம்ம விசில் கடன் கேக்க வர்ற மாதிரி" என்றார். விசில் என்பது அவருடைய கண்டக்டர். அவன் பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே மறந்திருக்கும்.

குழாய் வந்த கதை பெரிய கதையில்லை. யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்க வராமல் போன ஒரு வில்லை, வெட்டாத வட்டமாகவே, கடை டப்பாவில் கிடந்தது. அதையும் கடிகாரம் பழுதுபார்க்கிறவர் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பூதக்கண்ணாடி ஒன்றையும் தண்ணீர்க் குழாயின் இரண்டு முனையிலும் பொருத்தினால் தூரத்துப் பொருள் தெரியும் என்று முதலாளி சொன்னார். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு சாயங்காலங்கள் நீண்டு கிடந்தன. டிரைவர் டிப்போ பட்டறையிலிருந்து இரண்டு இரும்புப் பட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் அவற்றை வைத்து, பின்கட்டில் துணிக்கொடி கட்டும் கம்பத்தில் குழாயை மாட்டினாள். கம்பத்துக்கு இடப்பக்கம் மதில். குழாயைக் கம்பத்துக்கும் மதிலுக்கும் நடுவில் மாட்டியதால் ஒரு சங்கடம்: வலது கண்ணை வைத்தால் தலை மதிலில் இடிக்கும். இடது கண்ணால்தான் பார்க்க முடியும். அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. எந்தக் கண்ணாய் இருந்தால் என்ன, கண்தானே?

தினமும் சாயங்காலம் டிரைவர் வேலை முடிந்து வருவார். கால் கழுவிவிட்டுப் பின்கட்டுக்கு வருவார். வெள்ளி நகர்ந்துகொண்டே இருக்கும், அதனால் அவள் குழாயைத் தட்டித் தட்டி நேர்ப்படுத்தி வைத்துவிட்டு, "வாங்க, வாங்க, போயிடும்" என்று அவசரப்படுத்துவாள். அவர் முக்காலியில் உட்கார்ந்து கண்ணை வைப்பார்.

"பாதிதானே? தலைகீழாத் தெரியுதா?"

"ஆமா. பாதிதான். தலைகீழா."

கொஞ்ச நாள் கழித்து, "பாதிக்கும் கீழே போயிடுச்சு, இல்ல?"

"ஆமாமா, கீழே போயிடுச்சு. என்ன அழகு!"

அவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? முப்பது வருஷக் குடித்தனத்தில் இரண்டு பேருமாக ஒன்றைப் பார்த்து ரசித்தது என்று கணக்கெடுத்தால் மகளின் முகத்தைத் தவிர வேறு எதுவும் தேறாது. அவர் காலையில் முதல் வண்டி எடுக்கப் போவார். அவள் எழும்போது பக்கத்தில் வெறும் போர்வை கிடக்கும். இப்போதுதான் சாயங்காலம் ஒரு பத்து நிமிஷம் இருவருக்கும் பொதுவாக ஒரு பொருள் கிடைத்திருந்தது, அதுவும் வானத்தில்.

அன்றைக்கு நடந்தது இதுதான். வெள்ளி நன்றாக மெலிந்து, அவள் வாயில் "நகம் வெட்டிப் போட்ட மாதிரி" ஆகியிருந்த நேரம். குழாயை நேர்ப்படுத்தியபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவர் சுரண்ட ஆரம்பித்தார்கள். வெள்ளையடிக்கப் போகிறார்களாம். தூசி பறந்து வந்தது. வில்லையில் தூசி பட்டால் அவளுக்குத் தன் கண்ணிலேயே பட்ட மாதிரி. பால்பவுடர் டின் மூடியை எடுத்துக் குழாயின் வாயில் இறுக்கிப் போட்டுவிட்டு, அடுப்பில் பொங்கும் பாலை இறக்க ஓடினாள். தேநீர் கலக்கும்போது பின்கட்டிலிருந்து குரல் கேட்டது.

"ஆஹா! இன்னிக்கு என்னமா இருக்கு! நீ சொன்ன மாதிரியே, நகம் வெட்டிப் போட்டாப்பல!"

தம்ளரோடு வந்தவள் வாசற்படியில் நின்றாள். அவர் முக்காலியில் உட்கார்ந்து, இடது கண்ணைக் குழாயில் வைத்து, முகமெல்லாம் சந்தோஷமாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாயின் அந்த முனையில் மூடி போட்டபடி இருந்தது.

தம்ளரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். முதலில் வந்தது கோபம்கூட இல்லை, அவமானம். இத்தனை நாளும் இந்த மனுஷன் சின்னப் பிள்ளைக்குத் தலையாட்டுவது போல எனக்குத் தலையாட்டியிருக்கிறாரே! பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லித் தொலைக்கக் கூடாதா? வெங்காயத்தை நறுக்கினாள். கண்ணீருக்கு வெங்காயம் ஒரு நல்ல சாக்கு.

பின்கட்டில் டங்கென்று சத்தம். எட்டிப் பார்த்தாள். தம்ளர் உருண்டு கிடந்தது, தேநீர் மண்ணில் ஓடியது. அவர் இடது கையால் காற்றைத் துழாவிக்கொண்டிருந்தார். அவள் தம்ளரை வைத்தது அவருக்கு இடப்பக்கம்.

நறுக்கிய கத்தி அப்படியே நின்றது. அதன் பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கொஞ்ச நாளாகக் கூப்பிட்டால் கழுத்தை முழுசாகத் திருப்பி, கோழி பார்ப்பது போலப் பார்க்கிறார். கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொள்கிறார். செருப்பு மாட்டும்போது இடது செருப்பைக் காலால் தேடுகிறார். மகள் வந்திருந்தபோது, "அப்பாவுக்கு என்னம்மா, பக்கத்துல வந்து நின்னாக்கூடத் திரும்ப மாட்டேங்கறாரு, கோபமா?" என்று கேட்டாள். இவள் என்ன சொன்னாள்? "வயசாகுதில்ல" என்றாள். வீட்டில் தம்ளர் உருண்டால் தேநீர்தான் போகும். அந்த மனுஷன் நாள் முழுக்க ஓட்டுவது பஸ்.

மறுநாள் காலை கடைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு, மார்க்கெட் நிறுத்தத்தில் போய் நின்றாள். அவருடைய வண்டி வந்தது. பின்படியில் ஏறி, கூட்டத்தை விலக்கி முன்னே வந்து, முன்படிக்கு அருகில் இருந்த முதல் இருக்கையில் உட்கார்ந்தாள். டிரைவருக்கு இடப்பக்கம், நடுவில் எஞ்சின் பெட்டிதான் மறைப்பு. எட்டிக் கையை நீட்டினால் தொட்டுவிடலாம். உட்கார்ந்ததும் அவளுக்குப் பயம், பார்த்துவிட்டால் என்ன சொல்வது என்று. அவர் பார்க்கவில்லை. ஒரு நிறுத்தம் போனது, இரண்டு போனது. சொந்தப் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது.

விசில் மொழி அவளுக்குத் தெரியும், எத்தனை வருஷமாகக் கேட்கிற பேச்சு! ஒரு விசில் என்றால் நில். இரண்டு என்றால் போகலாம். ஆனால் அன்றைக்கு மூன்றாவதாக ஒன்று கேட்டது. மெதுவாக, நடுங்கி இழுக்கிற விசில். அது கேட்கும்போதெல்லாம் டிரைவர் வண்டியை வலப்பக்கம் கொஞ்சம் ஒடித்தார். ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். இடப்பக்கம் ஒரு சைக்கிள். அடுத்த முறை ஒரு தள்ளுவண்டி. பயணிகளில் ஒருவர், "நம்ம கண்டக்டர் இன்னிக்குப் பாட்டு மூடுல இருக்காரு" என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் ஒரு அம்மாள் மூட்டையோடு பின்படியில் ஏறினாள். விசில் அவளுக்கு மூட்டையைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டே, பழக்கத்தில், இரண்டு விசில் கொடுத்துவிட்டான். வண்டி நகர்ந்தது. முன்படிக்கு நேர் கீழே, தண்ணீர் கேன்களை இரண்டு பக்கமும் கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் வண்டியை ஒட்டித் தள்ளிக்கொண்டு வந்தார்.

"நிறுத்துங்க!"

அவள் கத்திய கத்தலில் வண்டியே குலுங்கியது. பிரேக் கிறீச்சிட்டது. கேன்கள் சாலையில் உருண்டன. சைக்கிள்காரர் கீழே விழவில்லை, புண்ணியம். வந்த கோபத்தில் பஸ்ஸைக் கையால் அறைந்து, "யோவ், கண்ணு தெரியலையா உனக்கு?" என்று கத்தினார். சாலையில் ஒரு நாளைக்கு நூறு பேர் நூறு பேரைக் கேட்கிற கேள்வி அது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்த வண்டியில் மூன்று பேருக்கு மட்டும் அது திட்டாக இல்லை.

டிரைவர் கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார். குரல் தெரிந்துதான் திரும்பினார். கியரைப் போட்டார்.

கடைசி நிறுத்தத்தில் டிரைவர் இறங்கி டயர்களைத் தட்டிப் பார்க்கிற சாக்கில் வண்டிக்குப் பின்னால் போய்விட்டார். விசில் தேநீர்க் கடை மறைவில் வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணி, டிப்போவுல சொல்லிடாதீங்க."

"எத்தனை நாளாத் தம்பி?"

"நாலஞ்சு மாசமா. ஒருநாள் காலையில எந்திரிச்சாராம், இடது கண்ணுல புகை மூட்டமா இருந்துச்சாம். தூசின்னு விட்டுட்டாரு. அப்புறம் வேற ஊர்ல போய்க் காட்டுனோம். உள்ளே நரம்பு அடைச்சுப்போச்சு, உடனே வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம், இனி வராதுன்னுட்டாங்க."

"நீ கூடப் போனியா?"

"போனேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"சத்தியம் வாங்கிட்டாரு அண்ணி. ஸ்டியரிங்கை விட்டுட்டா நான் செத்துடுவேன்டான்னாரு. எனக்கு வேலை கத்துக் குடுத்தவரு. அடிவாங்காத வண்டின்னு நம்ம வண்டிக்குத்தான் பேரு. நான் பாத்துக்கறேண்ணே, நீங்க ஓட்டுங்கன்னேன்."

"நீ விசில் ஊதுனா இன்னொருத்தருக்குக் கண்ணு வந்துடுமா?"

"இத்தனை நாளும் ஊதிக்கிட்டுதானே இருந்தேன்?"

"இன்னிக்கு?"

அவன் கழுத்தில் தொங்கிய விசிலைப் பிடித்துத் திருகிக்கொண்டே நின்றான்.

சாயங்காலம் வீட்டில் புயல் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது. சாப்பாட்டில் கையை வைக்காமலே டிரைவர் ஆரம்பித்தார்.

"எதுக்கு வண்டியில ஏறினே?"

"பாக்கத்தான்."

"என்னத்தைப் பாத்தே?"

"நீங்க பாக்காததை."

"வேவு பாக்கறியா? என்ன பெரிய விஷயம் நடந்துபோச்சு? ரெண்டு கண்ணுல ஒண்ணு போச்சு, ஒண்ணு இருக்கு. எதுக்கு ரெண்டு குடுத்திருக்கு? ஒண்ணு ஸ்டெப்னி."

"ஸ்டெப்னியை மாட்டி ஓட்டறவரு பஞ்சர் ஆனதை நாலு பேருக்குச் சொல்லுவாரு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க மாட்டாரு. எனக்குத் தெரியாம எப்படிங்க டெஸ்ட்ல பாஸ் பண்ணினீங்க? வருஷா வருஷம் கண்ணு பாக்கறாங்களே?"

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை அது. கையை நீட்டிச் சுவரைக் காட்டினார். சாப்பிடுகிற இடத்துக்கு எதிரே, ஓதம் ஏறிய சுவரை மறைக்க, கடையில் மஞ்சளடித்துப்போன கண் பரிசோதனை அட்டையைக் கொண்டுவந்து மாட்டியிருந்தாள் அவள். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகப் பொடி எழுத்து. மகள் எழுத்துக் கற்றதே அதில்தான். டிரைவர் அட்டைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, மேல் வரியிலிருந்து கடைசிப் பொடி வரி வரை ஒரு தடங்கலும் இல்லாமல் ஒப்பித்தார்.

"டிப்போவுலயும் இதே அட்டைதான். நல்ல கண்ணை மூடச் சொன்னாங்க, மூடினேன். இருட்டுல நின்னுக்கிட்டுப் பாட்டாப் பாடினேன். 'அண்ணனுக்குக் கழுகுக் கண்ணு'ன்னு கைகுடுத்தாங்க."

அவள் அட்டையைப் பார்த்தாள். அதை மாட்ட ஆணி அடித்தது அவள் கைதான்.

"என்னைக் கேக்கறியே," அவர் விடவில்லை, "ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடறவ நீ. மாசக்கணக்கா எதிர்ல உக்காந்து சோறு போடறே. தினம் பக்கத்துல உக்கார வெச்சு வானத்தைக் காட்டறே. உனக்குத் தெரிஞ்சுதா? தம்ளர் உருண்டு விழுந்தாத்தானே தெரியுது உனக்கு?"

"தம்ளர் இல்ல. அன்னிக்கு நீங்க பாக்கும்போது குழாய் வாயில டின் மூடி இருந்துச்சு. அதனாலதான் தெரிஞ்சுது."

அவருக்கு அப்போதுதான் எதில் மாட்டினோம் என்று புரிந்தது. முகம் தொங்கிப்போயிற்று. அவளுக்குப் பாவமாக இருந்தது, ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருந்ததே, அது பாவத்தைவிட அதிகமாகச் சுட்டது. தன் வீட்டுக் கண் அவிந்தது தெரியாமல் வெள்ளி தேய்கிறது, வெள்ளி தேய்கிறது என்று குதித்திருக்கிறாள்.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்றாள்.

"சொன்னா உன் முதலாளி முன்னால கொண்டுபோய் உக்கார வெப்பே. அவரு ஒரு காகிதத்துல எழுதுவாரு. அத்தோட நான் டிரைவர் இல்ல. டிரைவர் இல்லேன்னா நான் யாரு? சொல்லு. இந்தத் தெருவுல எவனுக்காவது என்னை வேற பேரு சொல்லிக் கூப்பிடத் தெரியுமா?"

அவள் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு சொன்னாள்:

"நான் டிப்போவுக்குப் போய்க் காட்டிக்குடுக்க மாட்டேன். நீங்களாப் போய்ச் சொல்லணும். அதுவரைக்கும் நீங்க வண்டி எடுத்தா நானும் ஏறுவேன். அதே சீட்டு."

"ஏறிக்க. டிக்கெட் எடுத்துக்க" என்றார் அவர், சோற்றில் கையை வைத்தபடி. வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு.

கடைக்கு லீவு சொல்லிவிட்டு, சொன்னபடி ஏறினாள். மேகம் கவிந்து மழை பிடித்துக்கொண்ட நாட்கள் அவை. வெள்ளி தெரியவே இல்லை. முதல் வண்டிக்கு அவர் கிளம்பும்போது அவளும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே கிளம்பினாள். வைப்பர் கரகரவென்று இழுக்க, ஈரக் குடைகளின் வாடையில், எஞ்சின் பெட்டிச் சூட்டில் முழங்கால் வேக, படியையும் சாலையோரத்தையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "இடது பக்கம் சைக்கிள்." "ரெண்டு பேர் இறங்கறாங்க, இருங்க." "பள்ளம் இருக்கு, ஓரத்துல ஆளு." மத்தியானத்துக்குள் தொண்டை கட்டிவிட்டது. தினம் வருகிற ஒரு பூக்காரி, "என்னக்கா, புதுக் கண்டக்டரா?" என்று கேட்டாள். "ஆமா, சம்பளமில்லாத கண்டக்டர்" என்றாள் இவள். எல்லோரும் சிரித்தார்கள். டிரைவரின் காது சிவந்தது.

கடைசி நிறுத்தத்தில் மூன்று பேரும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவள் ரொட்டியும் அவித்த முட்டையும் கொண்டுவந்திருந்தாள். ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு தின்றார்கள். விசில்தான் பொறுக்கமாட்டாமல், "அண்ணி கைக்கு முட்டைகூட ருசியா அவியுது" என்று ஒரு அசட்டு ஜோக் அடித்துப் பார்த்தான். டிரைவர், "வாயை மூடிக்கிட்டுத் தின்னு" என்றார். ஆனால் தன் பங்கு முட்டையில் பாதியை அவள் டப்பாவில் வைத்தார். அவள் அதைக் கவனிக்காத மாதிரி தின்றாள்.

மழையின் கடைசி நாள், பள்ளிக்கூடம் விடுகிற நேரம், சந்தைச் சந்திப்பு. வண்டி நின்று கிளம்பப் போனது. கூட்டம் பிதுங்கியது. பின்னால் விசில் படியைப் பார்த்தான். பாதை காலி. இரண்டு விசில். அதே நொடி முன்னாலிருந்து இவள், "நில்லுங்க!" என்று கத்தினாள். முன்படி ஓரத்தில் ஒரு குடை அசைந்தது. வெறும் குடையா, கீழே பிள்ளை இருக்கிறதா, அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. விசிலுக்கு அவள் கத்தியது கேட்கவில்லை, மறுபடி இரண்டு. இவள் மறுபடி, "வேண்டாம், நில்லுங்க!"

டிரைவர் காலைக் கிளட்சிலிருந்து எடுக்கவில்லை. வலப்பக்கம் பார்த்தார். கழுத்தைத் திருப்பி இடப்பக்கம் பார்த்தார். மழைத் தண்ணீர் வழியும் கண்ணாடியில் என்ன தெரியும்? கை நீட்டி எஞ்சினை அணைத்தார்.

நடுச்சாலையில் வண்டி நின்றது. பின்னால் ஹாரன்கள் அலறின. அவர் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்து, நெற்றியைக் கைமேல் சாய்த்துக்கொண்டார். குடைக்குக் கீழே ஒன்றுமில்லை, யாரோ படியில் விட்டுப்போன குடை, காற்றுக்கு ஆடியிருக்கிறது. விசில் ஓடிவந்து, "ஒண்ணுமில்லண்ணே, எடுங்க, ஒண்ணுமில்ல" என்றான். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அவர் தலை நிமிர்ந்து சாவியைத் திருப்பினார். அதற்குப் பிறகு டிப்போ வரை மாடு நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினார்.

அவள் டிப்போவுக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கி வீட்டுக்கு வந்தாள். மழை விட்டு மேற்கே வானம் கழுவித் துடைத்த மாதிரி வெளுத்திருந்தது. அதைப் பார்த்ததும் அவள் ஒரு காரியம் செய்தாள். ஈரச் சேலையைக்கூட மாற்றவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய், இரும்புப் பட்டைகளைக் கழற்றி, குழாயை மதில் பக்கத்திலிருந்து எடுத்துக் கம்பத்தின் மறுபக்கம் மாட்டினாள். துருவேறிய திருகு ஒன்று விரலைக் கிழித்தது. சப்பிக்கொண்டே இறுக்கினாள். முக்காலியையும் நகர்த்திப் போட்டாள். இப்போது எந்தக் கண்ணை வைத்தாலும் தலை இடிக்காது.

வெள்ளி அடிவானத்துக்குப் பக்கத்தில் இறங்கியிருந்தது. குழாயில் பார்த்தபோது அவளுக்கே மூச்சு நின்றது. அவ்வளவு பெரிதாக, அவ்வளவு மெல்லியதாக அதை அவள் பார்த்ததில்லை. ஊதினால் பறந்துவிடும் போல இருந்தது.

டிரைவர் வந்தார். கால் கழுவப் பின்கட்டுக்கு வந்தவர் தண்ணீர்ச் செம்பைக் கையில் பிடித்தபடி நின்றார். குழாய் இடம் மாறியிருப்பதைப் பார்த்தார். மதிலைப் பார்த்தார், முக்காலியைப் பார்த்தார். அவள் கொடியில் ஈரத்துணியை உதறிப் போட்டுக்கொண்டே, "வாங்க, போயிடும்" என்றாள். எப்போதும் சொல்கிற அதே வார்த்தை.

அவர் செம்பைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பழக்கத்தில் இடது கண்ணைத்தான் கொண்டுபோனார். பிறகு முகத்தை நகர்த்தி வலது கண்ணை வைத்தார்.

அவள் உதறிய துணியைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"இதா?" என்றார்.

"இதுதான்."

"இதையா இத்தனை நாளாக் காட்டினே?"

"இதேதான். அப்ப பாதியா இருந்துச்சு."

"நான் பாதியைப் பாக்கவே இல்லையே!"

கண்ணை எடுக்காமலே பேசினார்.

"நகம்னு சொன்னே. நகம் மாதிரி இல்ல."

"பின்னே எப்படி இருக்கு?"

"ராத்திரி மலையில ஏறும்போது ஹெட்லைட்டுல வளைவு தெரியும் பாரு, அந்த மாதிரி இருக்கு. அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு தெரியாது. வளைவு மட்டும் தெரியும்."

இத்தனை சாயங்காலத்தில் அவர் சொந்தமாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அவள் அழுதாள். வெங்காயம் எதுவும் கையில் இல்லை, மறைக்கவும் இல்லை. அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், இரண்டு கண்ணையும். தெரியாத கண்ணிலும் தண்ணீர் வந்திருந்தது.

"இன்னிக்கு நடுரோட்டுல உக்காந்திருந்தேனே," என்றார். "அவன் போங்கறான், நீ நில்லுங்கறே. எதைக் கேக்கறதுன்னு எனக்குத் தெரியல. குடைக்குப் பதிலா பிள்ளையா இருந்திருந்தா? நாளைக்கு டிப்போவுல நானே சொல்லிடறேன். நீயும் வா. தனியாப் போனா ஏதாவது பேசி மறுபடி வண்டியில ஏறிடுவேன்."

"வர்றேன்."

"விசில்கிட்டயும் சொல்லணும். புது டிரைவர் வருவாரு, அவருக்கு ரெண்டு விசில் போதும்னு."

அவள் தலையசைத்தாள். அவர் மறுபடி குழாயில் கண்ணை வைத்தார். வெள்ளி நகர்ந்துவிட்டிருந்தது. அவள் தட்டி நேர்ப்படுத்தினாள்.

"இன்னும் எத்தனை நாளைக்குத் தெரியும்?"

"கொஞ்ச நாள்தான். இன்னும் மெலிஞ்சு சூரியன் பக்கமாப் போய் மறைஞ்சிடுமாம். அப்புறம் திரும்பி வருமாம், ஆனா சாயங்காலம் இல்ல. விடியக்காலையில, கிழக்கே. குழாயை அந்தப் பக்கம் திருப்பி மாட்டணும்."

"விடியக்காலையிலா?" என்றார் டிரைவர். "அப்ப எனக்கு எங்க முடியும்? முதல் வண்டி எடுக்க நான்..."

மேற்கே வெள்ளி அடிவானத்துக்குக் கீழே இறங்கி, குழாய்க்குள் இருட்டானது. அவர் கண்ணை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"எழுப்பு," என்றார். "வீட்டுலதான் இருப்பேன்."